மொரசம்பாறையில் குழந்தைகள் இல்லை

1986ஆம் ஆண்டு ஆனி மாதம் தர்மபுரிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வெளிநாட்டு உதவி அமைப்பு ஒன்று அதை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தது. மலையோர ஊர்களில் வேலை பார்க்கும் கிராம சுகாதார நர்சுகளின் சுமையைக் குறைப்பதே அதன் நோக்கம் என்று திறப்பு விழா அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். சுமை குறையத் தொடங்குவதற்கு முன்பாக, ஒவ்வொரு நர்சும் நாலு கிலோ எடையுள்ள படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டரை வைப்பதற்காக 'கிராம நலக் கணிப்பொறி மையம்' என்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். அதற்குத் தூசி ஆகாது என்பதால் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். சூடு ஆகாது என்பதால் ஏ.சி. வைத்தார்கள். கரண்ட் போனால் ஏ.சி. நின்றுவிடும் என்பதால் ஒரு ஜெனரேட்டரும் வந்து சேர்ந்தது. அந்த ஜெனரேட்டர் உண்மையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. தடுப்பு மருந்து ஐஸ் கட்டிக்குள் சமாளித்துக்கொள்ளும், கம்ப்யூட்டரை ஐஸ் கட்டிக்குள் வைக்க முடியாது என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். முடிவில் தவறில்லை.

அஸ்கரி பேகத்துக்கு அப்போது முப்பத்தாறு வயது. தர்மபுரியில் குடை ரிப்பேர் கடை வைத்திருந்த அப்துல் ரஷீதின் மகள். மொரசம்பாறை துணை சுகாதார நிலையத்தில் பதினோரு வருடமாக நர்ஸ். ஏரியூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏழு மைல் நடந்தால் மொரசம்பாறை. ஊரும் அதைச் சுற்றி நாலு கொட்டாய்க் குடியிருப்புகளுமாக ஆயிரத்து நானூறு பேர். யார் வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறார்கள், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்பதெல்லாம் அவளிடம் ஒரு நீள நோட்டில் இருந்தது. நோட்டைத் திறக்காமலே சொல்லவும் முடியும்.

பயிற்சிக்காக எல்லா நர்சுகளையும் மையத்துக்கு வரவழைத்தார்கள். திட்ட ஒருங்கிணைப்பாளர் கோவிந்தன் சென்னையில் மூன்று வாரம் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். பேசும்போது கம்ப்யூட்டர் இருந்த அறையின் பக்கம் அவ்வப்போது பார்த்துக்கொண்டார்; பெரியவர் உள்ளே தூங்கும்போது வெளியே பேசுகிறவர்போல.

"இதுவரைக்கும் நீங்கல்லாம் ஊருக்குள்ள போய்க் குழந்தையைக் கண்ணால பாத்தீங்க. பாத்தது தப்பில்ல. ஆனா கண்ணால பாக்கறதுல ஒரு குறை இருக்கு. ஒருத்தர் பாத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் பாத்தா எல்லாருக்கும் தெரியும். நான் ஆறு வருஷமா ஜீப்ல ஊர் ஊராப் போனேன். இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம். இனிமே ஊருக்குப் போகாமலே, ஊர்ல இருக்கற உங்களைவிட எனக்கு ஊரைப் பத்தி நல்லாத் தெரியும்."

நர்சுகள் கை தட்டினார்கள். தட்டும்படி ஒருவர் சைகை காட்டியிருந்தார்.

படிவத்தில் எண்பது கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து. பெயருக்குப் பத்துக் கட்டம்தான் என்பதால் தீர்த்தம்மாள் பாதியில் நின்று தீர்த்தமானாள். கைக்குழந்தைகளுக்குத் தனியாகப் பச்சை நிறப் படிவம். அதில் வயதுக்கு இரண்டு கட்டம். அந்த வயது வருடமா மாதமா என்று சொல்ல மூன்றாவதாக ஒரு கட்டம்.

அஸ்கரி பேகம் எழுந்து கேட்டாள். "சார், எங்க பக்கம் கைக்கொழந்தைங்களுக்குச் சீக்கிரம் பேரு வெக்க மாட்டாங்க. கோயிலுக்குப் போயி முடியெறக்கித்தான் வெப்பாங்க. பேருக்கு என்னா எழுதறது?"

"பேர் இல்லாத குழந்தையைக் கம்ப்யூட்டர் ஏத்துக்காதும்மா. வெக்கச் சொல்லுங்க."

அப்படித்தான் அந்த ஆவணி மாதம் மொரசம்பாறையில் நாற்பத்தொரு கைக்குழந்தைகளுக்கு அவசரமாகப் பெயர் வைக்கப்பட்டது. பாஞ்சாலி என்ற பெண்ணுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. ஆறு மாதம் ஆகியிருந்தது. மாதேசுவரன் மலைக்குப் போய்ப் பெயர் வைப்பதாக நேர்ந்திருந்தார்கள்.

"என்னா நர்ஸம்மா, இந்தக் காயிதத்துக்காவ பேரு வெக்கணுமா?" என்று பாஞ்சாலி கேட்டாள்.

"பேரு இல்லீன்னா ஊசி வராதாம், பாஞ்சாலி."

பாஞ்சாலி பிள்ளையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப மாதுன்னு எழுதிக்கங்க. மலைக்குப் போயி சாமிகிட்ட நானே சொல்லிக்கறேன்."

பெயர் 'மாது', வயது 'பூஜ்யம் ஆறு', மூன்றாவது கட்டத்தில் மாதத்துக்கான எண் 'இரண்டு' என்று அஸ்கரி பேகம் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எல்லாம் எழுதி முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. ஆயிரத்து நானூறு படிவங்களையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் முடித்து, குறித்த தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

கார்த்திகையில் முதல் பட்டியல் வந்தது. பச்சைக் கோடு போட்ட அகலமான காகிதம், இரண்டு ஓரத்திலும் துளைகள். இனிமேல் எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து என்பதை அந்தப் பட்டியல்தான் சொல்லும். ஒன்பது மாதம் முடிந்த குழந்தைகளுக்குப் போட வேண்டிய தட்டம்மைத் தடுப்பூசியை வாங்கிப்போக ஐஸ் பெட்டியோடு அஸ்கரி பேகம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். ஸ்டோர் பார்க்கும் முனியப்பன், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர், பட்டியலை மேசையில் விரித்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"சிஸ்டர், உங்க ஊருக்கு சைபர்னு போட்டிருக்குதுங்க."

"எது சைபர்?"

"ஒரு வயசுக்கு உள்பட்ட கொழந்தைங்க, சைபர். தேவைப்படற தட்டம்மை மருந்து, சைபர்."

"நாப்பத்தொரு கொழந்தை இருக்குதுண்ணா. நேத்துக்கூட எடை பாத்துட்டு வந்தேன்."

"நீங்க பாத்தீங்க. அது பாக்கலீங்களே."

அவள் டாக்டரிடம் போனாள். அவர் இளைஞர். வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்குப் புரியுதும்மா. போன மாசம் ஒரு நர்சுக்கு ஒதுக்கீட்டுக்கு மேல ரெண்டு குப்பி குடுத்தேன். மூணு பக்கம் விளக்கம் எழுதினேன். அதுல ரெண்டாம் பக்கம் திருப்தியா இல்லைன்னு திரும்பி வந்திருக்கு. நீங்க மையத்துக்கே போய்த் திருத்திட்டு வந்துடுங்க. சின்னத் தப்புதானே."

சின்னத் தப்பைத் திருத்த அஸ்கரி பேகம் தர்மபுரிக்குப் போனாள். மையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். காலைக் கழுவச் சொன்னார்கள். கழுவிய கால் ஈரமாக இருந்ததால் காயும்வரை நிற்கச் சொன்னார்கள். கம்ப்யூட்டரை இயக்குகிற குப்புராஜ் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே வந்தான். ஏ.சி. குளிருக்காக மார்கழிப் பனியில் போடுகிற ஸ்வெட்டர் போட்டிருந்தான். தப்பைக் கண்டுபிடிக்க அவனுக்குக் கால் மணி நேரம்தான் ஆயிற்று.

"அக்கா, நீங்க ஒம்பது மாசம்னு எழுதியிருந்தா இதுல ஒம்பது வயசுன்னு இருக்குது. மாசமா வருசமான்னு சொல்ற மூணாவது கட்டத்தை, ஃப்ளாப்பித் தட்டுல எடம் பத்தலைன்னு டைப் அடிச்சு ஏத்தினவங்க விட்டுட்டாங்க. அப்புறம் பொறந்து மாசம் ஆகாததுக்கு நீங்க ரெண்டு பூஜ்யம் போட்டீங்க பாருங்க, அதை வெத்துக் கட்டம்னு தள்ளிடுச்சு."

"அப்ப எல்லா ஊருக்கும் இதே கதிதானா?"

குப்புராஜ் தலையைச் சொறிந்தான். "மத்த ஊர் நர்சுங்க பச்சைப் படிவத்தை இன்னும் குடுக்கவே இல்லீங்க. குடுக்காதவங்களுக்குப் பழைய கணக்குப்படி மருந்து போவுது. நேரத்துக்கு ஒழுங்கா எழுதிக் குடுத்தது நீங்க ஒருத்தர்தான்."

அவனே அவளைக் கோவிந்தனிடம் அழைத்துப் போனான். கோவிந்தன் உட்காரச் சொன்னார். தேநீர் வரவழைத்தார். தப்பு நடந்திருக்கலாம் என்பதை அவர் மறுக்கவேயில்லை.

"தப்பைத் திருத்தறதுக்குத்தான்மா திருத்தப் படிவம்னு ஒண்ணு வெச்சிருக்கோம். குழந்தையோட பதிவு எண்ணைப் போட்டு நிரப்பிக் குடுங்க."

"பதிவு எண் எதுல இருக்கும் சார்?"

"கைக்குழந்தைகள் பட்டியல்ல இருக்கும்."

"அந்தப் பட்டியல் எங்க ஊருக்கு வரல சார்."

"உங்க ஊர்ல கைக்குழந்தை இல்லையே. எப்படி வரும்?"

குப்புராஜ் குறுக்கிட்டு, பெரிய குழந்தைகள் பட்டியலில் அவர்களுடைய எண் இருப்பதாகச் சொன்னான். கோவிந்தன் மகிழ்ச்சியடைந்தார்.

"அப்ப ரொம்ப சுலபம். வயசுத் திருத்தம். ஆறு வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு வயசைத் திருத்தணும்னா பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட் வேணும். வாங்கிட்டு வந்துடுங்க."

"ஒம்பது மாசக் கொழந்தை எந்தப் பள்ளிக்கூடத்துல சார் படிக்கும்?"

"பாருங்கம்மா," கோவிந்தன் குரலைத் தணித்தார், "நீங்க சொல்றதை நான் நம்பறேன். முழுசா நம்பறேன். ஆனா நான் நம்பி ஆகப் போறது ஒண்ணுமில்ல. நான் நம்பறதைப் போடறதுக்கு அதுல கட்டம் கிடையாது."

அஸ்கரி பேகம் தேநீரைக் குடிக்காமல் எழுந்தாள். வாசலில் அவளுடைய செருப்புகளில் ஒன்றைக் காணவில்லை. ஒற்றைச் செருப்போடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

தை பிறந்த இரண்டாம் வாரம் மேல்கொட்டாயில் ஒரு கல்யாணம். வெளியூரிலிருந்து வந்த ஒரு குழந்தைக்கு உடம்பில் மணல் மணலாகத் தடித்திருந்தது. தட்டம்மையை ஊரில் மணல்வாரி என்பார்கள். பத்து நாளில் கீழ்க்கொட்டாய் வரை வந்துவிட்டது. அஸ்கரி பேகம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். கண்ணைக் கழுவினாள். கஞ்சித் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். வேப்பிலை செருகிய வீட்டுக்குள் மருந்து வரக் கூடாது என்று நின்ற மாமியார்களிடம் சண்டை போட்டாள். தட்டம்மை பரவுவதாகத் தகவல் படிவம் நிரப்பி ஆளிடம் கொடுத்தனுப்பினாள். 'ஒன்பது மாதக் குழந்தைகள் இல்லாத ஊரில் இந்நோய் பரவ வாய்ப்பில்லை. தகவலைச் சரிபார்க்கவும்' என்று மையத்திலிருந்து அது திரும்பி வந்தது.

மாதுவுக்குப் பதினோரு மாதம். அம்மை இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். பிறகு மூச்சு இரைத்தது. நெஞ்சுக்கூடு உள்வாங்கியது. அஸ்கரி பேகம் பார்த்த உடனே, "கெளம்பு பாஞ்சாலி, பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள். பாஞ்சாலியும் அவள் புருஷனும் அஸ்கரி பேகமுமாகப் பிள்ளையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கினார்கள். ஏரியூருக்கு இன்னும் இரண்டு மைல் இருக்கும்போது, பாஞ்சாலியின் தோளில் பிள்ளையின் தலை வேறு விதமாகச் சாய்ந்தது. அஸ்கரி பேகம் அவனை வாங்கி ஒரு புளியமரத்தடியில் கிடத்தி, நெஞ்சை அழுத்தி, வாயில் ஊதிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பாஞ்சாலிதான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதும் நர்ஸம்மா. கொழந்தைக்கு நோவும்."

மறுநாள் அஸ்கரி பேகம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். ஐஸ் பெட்டியை முனியப்பனின் மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். முனியப்பன் இரண்டு முறை வெளியே போய்ப் பீடி குடித்துவிட்டு வந்தார். மூன்றாம் முறை போகவில்லை.

"எத்தினி வேணும் சிஸ்டர்?"

"ஒரு குப்பியில அஞ்சு கொழந்தைக்குப் போடலாம். இன்னும் அம்மை வராததுங்க இருவத்தஞ்சு."

முனியப்பன் ஃப்ரிட்ஜைத் திறந்து ஐந்து குப்பிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினார். பிறகு ஸ்டோர் நோட்டில், 'கை தவறி விழுந்து உடைந்தவை: ஐந்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண்ணாடித் துண்டுகளைக் காட்டச் சொன்னால் காட்டுவதற்காகக் காலி டானிக் பாட்டில் ஒன்றை எடுத்து நிதானமாகத் தரையில் போட்டு உடைத்தார்.

"எங்கப்பன் காலத்துல இருந்து எங்க வூட்டுல எவனும் பொய்க் கணக்கு எழுதுனதில்லீங்க," என்றார். "உண்மை எழுதுனா மருந்து வரமாட்டேங்குது. நான் என்னா பண்ண?"

அன்று சாயங்காலத்துக்குள் மொரசம்பாறையில் இருபத்தைந்து குழந்தைகளுக்கு, உடைந்துபோன மருந்து ஊசியாகப் போடப்பட்டது. அவர்களில் ஒருவருக்கும் ஆபத்து வரவில்லை. முனியப்பனுக்குத்தான் வந்தது. ஒரே நாளில் ஐந்து குப்பிகள் நழுவியதால், அவருக்குக் கை நடுக்கம் இருக்கிறதா என்று ஆராய மருத்துவக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழு அவருடைய இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லிப் பத்து நிமிடம் பார்த்தது. நடுக்கம் இல்லை என்பதால், அலட்சியம் என்று முடிவு செய்தது.

பங்குனியில் அஸ்கரி பேகத்துக்கு ஒரு தபால் வந்தது. பிரித்தபோது மெமோவாக இருக்கும் என்றுதான் எண்ணினாள். மாவட்டத்திலேயே பிறப்பு விகிதம் பூஜ்யமாக உள்ள ஒரே துணை நிலையம் மொரசம்பாறை என்று கம்ப்யூட்டர் கண்டறிந்திருப்பதாகவும், குடும்ப நலத்தில் இந்த மகத்தான சாதனைக்காக அவளுக்குக் கேடயம் வழங்கப்படுவதாகவும் அதில் இருந்தது. வெள்ளைப் புடவையில் வரவும் என்று அடிக்குறிப்பு.

விழாவில் சென்னையிலிருந்து வந்த இணை இயக்குநர் பேசினார். "பல நாடுகள் முப்பது வருடம் போராடியும் அடைய முடியாததை ஒரு நர்ஸ் ஆறே மாதத்தில் அடைந்திருக்கிறார். எப்படி அடைந்தார்? ஊசியாலா? மாத்திரையாலா? இல்லை. படிவத்தால்! படிவத்தைச் சரியாக நிரப்பினால் ஜனத்தொகையைக் கட்டுப்படுத்தலாம் என்பதை மொரசம்பாறை நிரூபித்துவிட்டது."

கேடயத்தைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அஸ்கரி பேகத்துக்கு மைக் முன்னால் நின்று பழக்கமில்லை. குரல் நடுங்கியது.

"ஐயா, எங்க ஊர்ல நாப்பத்தொரு கைக்கொழந்தைங்க இருந்தாங்க. அதுக்கப்புறம் ஒம்பது பொறந்திருக்குது. ஒரு கொழந்தை மருந்தில்லாம செத்துப்போச்சு. இந்தக் கேடயத்தை வெச்சிக்கிட்டு எங்களுக்கு மருந்து..."

மைக் நின்றுவிட்டது. கரண்ட் போகவில்லை, மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கோவிந்தன் இன்னொரு மைக்கில், "சகோதரியின் தன்னடக்கத்தைப் பாருங்கள். சாதனையை ஒப்புக்கொள்ளவே மறுக்கிறார்," என்றார். கைதட்டல் பலமாக இருந்தது.

அவள் மாதுவின் இறப்புப் படிவத்தை மூன்று முறை அனுப்பினாள். மூன்று முறையும் திரும்பி வந்தது. குழந்தை இறந்தால் ஒரு வகைப் படிவம், பள்ளி வயதுப் பிள்ளை இறந்தால் வேறு படிவம். அவள் குழந்தைக்கானதை அனுப்பினாள். கம்ப்யூட்டரில் மாது குழந்தையாக இல்லை. மற்ற படிவத்தை நிரப்பவும் அவளுக்குக் கை வரவில்லை. நிரப்பினால் அது பொய்.

கம்ப்யூட்டருக்குள் மாது செத்துப்போகவில்லை, நிற்கவுமில்லை. பச்சைப் படிவத்தில் வந்தவர்களுக்கு மாதா மாதம் வயதில் ஒன்று கூட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அதை மட்டும் அது மறக்கவில்லை. பங்குனியில் அவனுக்குப் பதின்மூன்று வயது ஆயிற்று. ஆடியில் பதினேழு. ஐப்பசியில் இருபதைத் தொட்டுவிட்டான்.

1987 கார்த்திகையில், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்குத் தகுதியுள்ள ஆண்கள் பட்டியல் வந்தது. மொரசம்பாறைக்கு ஏழு பேர். அஸ்கரி பேகம் முதல் பெயரைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டாள். ஏழு பேரும் அவள் பிரசவம் பார்த்துப் பிறந்தவர்கள். மூத்தவனுக்கு இருபத்து மூன்று மாதம். திருமண நிலைக்கான கட்டம் காலியாக இருந்தால் மணமானவர் என்று எடுத்துக்கொள்ளும்படி கம்ப்யூட்டருக்கு ஏற்பாடு. ஆகவே எல்லோருக்கும் கல்யாணமும் ஆகியிருந்தது.

பூஜ்யப் பிறப்பு ஊரில் ஏழு பேரும் ஒரே நாளில் அறுவை செய்துகொண்டால் அது மாநில அளவில் பேசப்படும் என்று கோவிந்தன் கருதினார். அதற்காக ஊரிலேயே ஒரு முகாம் ஏற்பாடு செய்து, ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஜீப்பில் ஏறினார். ஆனால் ஜீப் போகிற பாதை கீழ்க்கொட்டாயோடு முடிந்துவிட்டது. மிச்சத்தை நடந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் வந்தார். உடன் குப்புராஜ் பட்டியலோடும் ஒலிபெருக்கியோடும் வந்தான். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் மேசை, நாற்காலி போட்டார்கள். ஊர் கூடிவிட்டது.

"சார், முகாம் வேணாம்னு லெட்டர் போட்டேனே," என்றாள் அஸ்கரி பேகம்.

"ஒத்துழைப்பு இல்லைன்னு அதைத்தான் குறிச்சு வெச்சிருக்கேன்," என்றார் கோவிந்தன். "கூப்பிடுப்பா."

குப்புராஜ் ஒலிபெருக்கியில் முதல் பெயரைக் கூப்பிட்டான். குள்ளம்மாள் என்ற பெண் இடுப்பில் பிள்ளையோடு எழுந்து வந்தாள். பிள்ளை கோவிந்தனின் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

"பையனை வரச் சொல்லும்மா," என்றார் அவர்.

"இவந்தானுங்க பையன்."

கூட்டம் சிரித்தது. இரண்டாவது பெயர். இன்னொரு பெண், இன்னொரு பிள்ளை. மூன்றாவது பிள்ளை நடந்தே வந்து நாற்காலியின் அடியில் ஒன்றுக்குப் போனான். நாலு, ஐந்து, ஆறு. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. கோவிந்தன் பட்டியலையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "வளர்ச்சிக் குறைபாடு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "சத்துணவுத் துறைக்கு எழுதணும்."

"மாது," என்று கூப்பிட்டான் குப்புராஜ். "தாய் பேரு பாஞ்சாலி. வயசு இருவத்தொண்ணு."

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாஞ்சாலி கூட்டத்தின் ஓரத்திலிருந்து வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"பையன் எங்கம்மா?"

"நீங்கதான் சொல்லணும்," என்றாள் பாஞ்சாலி. "உங்க காயிதத்துல இருக்கறான்ல. எனக்கும் கொஞ்சம் காட்டுங்க. இருவத்தோரு வயசுல எப்படி இருக்கறான்னு பாத்துக்கறேன்."

கோவிந்தனுக்கு விளங்கவில்லை. குப்புராஜ் குனிந்து அவர் காதில் சொன்னான். அவர் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, வராதவர்களுக்கான காரணத்தைக் குறிக்க வேண்டிய கட்டத்தைத் தேடினார். விருப்பமில்லை என்றால் ஒன்று, வெளியூர் போயிருந்தால் இரண்டு, ராணுவத்தில் இருந்தால் மூன்று. நாலு கிடையாது.

"வெளியூர்னு போட்டுக்கோ," என்றார் குப்புராஜிடம், பாஞ்சாலியைப் பார்க்காமல்.

குப்புராஜ் பென்சிலை எடுத்தான். போடவில்லை. ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு, பட்டியலை அப்படியே அஸ்கரி பேகத்திடம் நீட்டினான்.

அவள் அதை வாங்கி மேசைமேல் விரித்தாள். தன் பேனாவை எடுத்து மாதுவின் பெயரை ஒரே கோட்டில் அடித்தாள். அந்த வரியிலிருந்து பக்கத்தின் அடிவரை, கட்டங்களின் மேலும் குறுக்கும், தமிழில் எழுதினாள்.

"ஐயோ, என்னம்மா பண்றீங்க?" கோவிந்தன் எழுந்துவிட்டார். "தமிழ்ல எழுதினா கம்ப்யூட்டர் எடுத்துக்காதும்மா!"

"கம்ப்யூட்டருக்கு எழுதலீங்க சார்," என்றாள் அஸ்கரி பேகம். குரல் நடுங்கவில்லை. "உங்களுக்குத்தான் எழுதினேன். படிங்க."

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. கோவிந்தன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். 'மாது. பிறந்து பதினோரு மாதம். போன தை மாதம் தட்டம்மையில் இறந்துபோனான். மருந்து ஃப்ரிட்ஜில் இருந்தது. கேட்டேன். இந்த ஊரில் குழந்தைகளே இல்லை என்று சொன்னீர்கள்.' நாலு வரிதான். அவர் முடிக்க வெகுநேரம் ஆயிற்று. படித்து முடித்து, "நான் அப்படி..." என்று தொடங்கினார். பாஞ்சாலி அங்கேயே நின்றுகொண்டிருந்ததால் நிமிர முடியவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, இறங்கி நடந்தார்.

அடுத்த மாதம் அஸ்கரி பேகம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது, முனியப்பன் இரண்டு உறைகளை எடுத்து வைத்தார். ஒன்று பிரித்திருந்தது. மொரசம்பாறைக்குத் தட்டம்மை மருந்து பத்துக் குப்பி கொடுக்கும்படி அதில் கையால் எழுதியிருந்தது. கீழே கோவிந்தனின் கையெழுத்து. இன்னொன்று அவள் பெயருக்கு, அதே கையெழுத்தோடு. கணிப்பொறிப் பட்டியலைப் பேனாவால் எழுதிச் சேதப்படுத்தியதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் கேட்டு மெமோ.

"என்னா சிஸ்டர், பதில் எழுதறதுக்கு வெள்ளைத் தாள் தரட்டுங்களா?"

"ஏழு நாள் இருக்குதுண்ணா," என்றாள் அவள். "ஐஸ் அவ்வளவு நாள் தாங்காது."

குப்பிகளை எண்ணிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன் பஸ்ஸுக்கு நடந்தாள்.